ஐந்து குரல், ஒரே படம்: போர்க்காலக் குறும்படங்களும் கரிசல் காடும்

போர்க்கால தேசபக்திக் குறும்படங்களில் நம்ம ஊரு ஆளுக்கு இடம் இருந்ததா? இருந்தது, தமிழிலேயே வந்தன என்று பதில் சொல்பவர்கள் உண்டு. இந்த மொழிக்கணக்கை மட்டும் வச்சு முடிவு கட்டிவிட முடியாது என்பது என் எண்ணம்.

1943-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு 'இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா' அமைப்பைத் தொடங்கியது. அதே வருஷம் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 44ஏ சேர்ந்தது. ஒவ்வொரு காட்சியிலும் அரசு ஒப்புதல் பெற்ற படத்தை 2,000 அடி வரை ஓட்டியே ஆகணும். 35 மி.மீ. சுருளில் இது சுமார் 22 நிமிடம். வாடகையும் தியேட்டர்காரர் கையிலிருந்துதான். ஆங்கிலம், இந்துஸ்தானி, வங்காளம், தமிழ், தெலுங்கு என ஐந்து மொழிகளில் படங்கள் வந்தன.

கேட்க தாராளமாத்தான் இருக்கு. ஆனா செய்முறையைப் பாருங்க. படம் ஒன்றுதான், மாறுவது பின்னணிக் குரல். திரையில் தெரியும் சிப்பாயும் விவசாயியும் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அவர்களுக்காக வேறொருத்தர் பேசுகிறார், ஐந்து மொழிகளில்.

இதில் என்ன நஷ்டம்? கோவில்பட்டி வட்டாரத்தையே எடுத்துக்குவோம். பருத்தியும் கம்பும் விளையும் மானாவாரிக் கரிசல். மழை பொய்த்தால் பட்டாளச் சம்பளம் என்பது வீட்டுக்கு வரும் மணியார்டர். ஒருவர் பட்டாளத்துக்குப் போனதில் வீரமும் இருக்கலாம், வறட்சியும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அவரைப் பேச விடாத படத்தில் வீரம் மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. தென்னாட்டவர் 'போர் இனம்' அல்ல என்று சொல்லி, முதல் உலகப் போருக்குப் பிறகு சென்னை மாகாணக் காலாட்படைகளைக் கலைத்ததும் அதே அரசுதான். இரண்டாம் போரில் ஆள் தேவைப்பட்டதும் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது. தமிழ்க் குரல் தியேட்டருக்கு வந்ததும் அந்தத் தேவையோடுதான்.

மாற்று வழி இல்லாமலில்லை. 1948-ல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷனும் கட்டாயத் திரையிடலைத் தொடர்ந்தது. ஆனா அங்கிருந்துதான் 1967-ல் எஸ்.என்.எஸ். சாஸ்திரியின் 'ஐ ஆம் 20' வந்தது. 1965 போர் முடிந்து இரண்டே வருஷம். 1947-ல் பிறந்த இளைஞர்கள் கேமராவைப் பார்த்துத் தாங்களே பேசுகிறார்கள். பெருமையும் வருது, சந்தேகமும் வருது. அதனால் தேசபக்தி ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இன்றைய குறும்படங்கள் பலவற்றில் பின்னணிக் குரலின் இடத்தைப் பின்னணி இசை பிடித்துக்கொண்டது. ஒரு தலைப்பாகை, ஒரு குல்லா, ஒரு வேட்டி வரிசையா வந்து சல்யூட் அடித்தால் பன்முகம் முடிந்தது. 2019 புல்வாமா தாக்குதலில் இறந்த 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்களில் ஒருவர் கோவில்பட்டிப் பக்கம் சவலாப்பேரிக்காரர். அப்படிப்பட்ட ஊர்களைப் பற்றி யாராவது படம் எடுத்தால், கொடிக்கு முன்னால் ஒரு மைக்கை ஊர்க்காரர்களிடம் கொடுக்கட்டும். பட்டாளத்துக்கு ஏன் போனார்கள், போனபின் வீடு எப்படி நடந்தது என்று அவர்களே சொல்வார்கள். அதில் நமக்குச் சங்கடமான பதிலும் வரலாம். அதையும் வெட்டாமல் வைக்கணும்.