மருத்துவர் சங்கமும் அதன் அங்கத்தினரும்

1928-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் 222 அங்கத்தினரோடு தொடங்கி, இரண்டாண்டுகளுக்குப் பின் இந்திய மருத்துவச் சங்கம் என்ற இப்போதைய பெயரைத் தரித்துக்கொண்ட ஸ்தாபனத்தின் சுபாவத்தை அறிய விரும்புவோர், அதைத் தோற்றுவித்தவர்கள் எத்தகையோர் என்பதை முதலில் கவனிப்பது நலம். ஆங்கில சர்க்காரின் இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் உத்தியோகஸ்தர்களே பெரிய ஆஸ்பத்திரிகளின் அதிகாரத்தையும் மருத்துவக் கல்லூரிகளின் பேராசிரியர் பதவிகளையும் பெரும்பாலும் தம் கைவசம் வைத்திருந்த காலம் அது. நீல்ரத்தன் சர்க்கார், பிதான் சந்திர ராய், டில்லி அன்சாரி போன்றோர் அந்த வட்டத்துக்கு வெளியே நின்று, சொந்தக் கைராசியினால் பெயரெடுத்தவர்கள். சிலர் தேசிய இயக்கத்திலும் முன்வரிசையில் இருந்தவர்கள். சர்க்காரின் தயவில்லாத அந்தச் சுதந்திர வைத்தியருக்குக் கேடயமாகவே சங்கம் எழுந்தது. அங்கத்தினர் தொகை 3 லட்சத்தைத் தாண்டிவிட்ட இன்றும் அந்தப் பிறவிக் குணம் மாறவில்லை என்பதும், சங்கத்தின் பலம் பலவீனம் இரண்டுமே அதிலிருந்தே கிளைக்கின்றன என்பதும் என் அபிப்பிராயம்.

சொந்தமாகத் தொழில் நடத்தும் வைத்தியருக்குப் பென்ஷன் இல்லை. கருணைத் தொகை இல்லை. அவர் கண்ணை மூடிய மறுநாளே கிளினிக்கின் கதவும் மூடிக்கொள்கிறது. ஸ்கேன் யந்திரத்துக்கு வாங்கிய பாங்குக் கடன், கட்டிடத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ், மருந்துக் கடைக்குத் தரவேண்டிய பாக்கி ஆகியவை வீட்டாருக்குத் தெரியவருவது பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான். இந்நிலையை நேரில் கண்டறிந்தவர்களே வகுத்த ஏற்பாடுதான் மாநிலக் கிளைகள் சில நடத்திவரும் குடும்பப் பாதுகாப்புத் திட்டம். அதில் சேர்ந்த ஒருவர் காலமானால், எஞ்சிய ஒவ்வொருவரும் விதிப்படி ஒரு சிறு தொகையைத் தருகிறார்கள். திரண்ட பணம் முழுத்தொகையாக அக்குடும்பத்தைச் சேர்கிறது. ஏஜெண்டுக்குக் கமிஷன் இல்லை, லாபத்தில் பங்கு கேட்கும் முதலாளி இல்லை. இறந்தவரின் கையெழுத்தையும் கிளினிக்கையும் அறிந்த கிளைச் செயலாளரே வீட்டுக்குப் போய்ப் பாரங்களை நிரப்பித் தருகிறார் என்னும்போது, எந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் தர இயலாத ஒரு பந்துத்துவம் அதில் இருக்கிறது.

ஆனால், இத்திட்டத்தின் கணக்கிலேயே ஒரு நோய் ஒளிந்திருக்கிறது. இறப்பவர் தொகைக்கேற்பச் செலுத்தவேண்டிய தொகையும் ஏறும் ஏற்பாட்டில், ஆண்டுதோறும் இளைஞர்கள் போதிய அளவில் வந்து சேர்ந்தால்தான் பாரம் பரவும். வராமற்போனால், சேர்ந்தவர்களுக்கு வயது ஏற ஏற மரணங்களும் மிகுந்து, கட்டணமும் மிகுந்து, அந்தக் கட்டணத்தைப் பார்த்தே இளைஞர்கள் பின்வாங்குவார்கள். இளைஞர்கள் ஏன் வரத் தயங்குகிறார்கள் என்பது பின்னால் வரவேண்டிய விஷயம்.

மரணத்தைப் பற்றிய இந்த அக்கறை பணத்தோடு நிற்கவில்லை என்பதற்குக் கோவிட் காலமே சாட்சி. 2020 ஏப்ரலில் சென்னையில் அந்நோயால் இறந்த நரம்பியல் அறுவை வைத்தியர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவொட்டாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து துரத்த, உடன் பணியாற்றிய வைத்தியர் ஒருவர் இரண்டு ஊழியரின் துணையோடு நள்ளிரவில் வேலங்காடு இடுகாட்டில் மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளி அவரைப் புதைத்தார். இத்தகைய அவமானங்களையும் தாக்குதல்களையும் கண்டு, நாடெங்கும் வைத்தியர்கள் கறுப்பு தினம் அனுஷ்டிப்பார்கள் என்று சங்கம் அறிவித்த சில நாட்களிலேயே, மருத்துவ ஊழியரைத் தாக்குவோருக்கு ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கும் அவசரச் சட்டம் ஏப்ரல் 22-இல் வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில், நோய்க்குப் பலியான வைத்தியர் எத்தனை பேர் என்ற புள்ளிவிவரம் மத்திய சர்க்காரிடம் இல்லை என்று பாராளுமன்றத்தில் சொல்லப்பட்டபோது, 27 வயது இளைஞர் முதல் 85 வயது முதியவர் வரை 382 வைத்தியர்களின் பட்டியலைச் சங்கமே வெளியிட்டது. இறந்துபோன அங்கத்தினரின் பெயரை அழியவிடாமல் காத்ததைவிடப் பெரிய சேவையை அது அண்மையில் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சட்டத்தின் விஷயம் இத்தனை தெளிவானதன்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தபோது, வைத்தியமும் விலை கொடுத்து வாங்கும் சேவைதானா என்ற வழக்கு எழுந்தது. 1994-இல் சென்னை உயர்நீதிமன்றம் வைத்தியர் பக்கமே சாய்ந்தது. ஆயினும், சங்கமே வாதியாக நின்ற வி.பி. சாந்தா வழக்கில், 1995 நவம்பர் 13-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்த முடிவை மாற்றி, எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்யும் சிகிச்சை நீங்கலாக மற்றவை அச்சட்டத்தின்கீழ் வரும் என்று தீர்ப்பளித்தது. அங்கத்தினரின் விருப்பப்படி வழக்காடித் தோற்றதற்காகச் சங்கத்தைக் குறைசொல்ல நியாயமில்லை. தோல்வியே ஒருவகையில் உபகாரமாயிற்று என்றுகூடச் சொல்லலாம். நோயாளியிடம் எழுத்து மூலம் சம்மதம் பெறுவதும், கேஸ் ஷீட்டை அன்றன்றே எழுதிவைப்பதும் தற்காப்புக்கான அவசியங்கள் ஆயின. இன்று வக்கீல் நோட்டீஸ் ஒன்று தபாலில் வந்தவுடன் கைநடுங்கும் சிற்றூர் டாக்டர், கிளை மூலம் சங்கத்தின் தொழிற்பாதுகாப்புத் திட்டத்துக்குப் போன் செய்து, அதே துறையின் மூத்த வைத்தியரும் வழக்கறிஞரும் தன் காகிதங்களைப் படித்துப் பதில் எழுதித் தருவதைப் பெற முடிகிறது. குற்றமில்லாதவருக்கு இது பெரிய ஆறுதல். குற்றமுள்ளவருக்கும் இது கிடைக்கிறது என்பதும், எதிர்த்தரப்பு நோயாளிக்காகச் சாட்சி சொல்ல ஒரு வைத்தியர் கிடைப்பது அருமை என்பதும் அதே நாணயத்தின் மறுபுறம்.

2023 டிசம்பரில் புதிய தண்டனைச் சட்டம் நிறைவேறியபோது, கவனக்குறைவால் மரணம் விளைவிப்போருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்றும், சிகிச்சையின்போது பதிவுபெற்ற வைத்தியரால் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை என்றும் பிரிவு வகுக்கப்பட்டது. சங்கத்தின் வேண்டுகோளே இதற்குக் காரணம் என்று உள்துறை மந்திரி பாராளுமன்றத்திலேயே சொன்னார். பழைய சட்டத்திலும் தண்டனை இரண்டு ஆண்டுதான் என்பதை நினைத்தால், வெற்றி என்று கொண்டாடியது உண்மையில் பழைய நிலையைக் காத்துக்கொண்டதேயாகும். அச்சட்டம் அமலுக்கு வந்த நாள், பிதான் சந்திர ராயின் பிறந்த நாளும் மறைந்த நாளுமான ஜூலை 1-ஆம் தேதி, அதாவது வைத்தியர் தினம்!

சங்கத்தின் மெய்யான பலவீனம் பணத்தைத் தேடும் இடத்தில் வெளிப்படுகிறது. ஆயுள் அங்கத்தினராக ஒரே தவணையில் சந்தாவைக் கட்டிவிடுவது வழக்கமாகையால், பிற்காலச் செலவுகளுக்கு மகாநாடுகளும் நன்கொடைகளுமே துணை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஹோட்டல் மண்டபத்தில் நடக்கும் கிளைக் கூட்டத்துக்குச் சென்றால், நீரிழிவைப் பற்றிய உபந்நியாசம் ஒரு மணி நேரம், மேடைக்குப் பின்னால் மருந்துக் கம்பெனியின் பானர், வாசலில் அதன் பிரதிநிதி கையில் வருகைப் பதிவேடு, முடிவில் விருந்து என்ற முறையைக் காணலாம். பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுக்கு 30 மணி நேரப் படிப்பு வேண்டும் என்ற விதியை நிறைவேற்ற இது உதவுகிறது என்பது மெய். அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதும் மெய். 2008-இல் பெப்ஸி கம்பெனியின் பழச்சாற்றுக்கும் ஓட்ஸுக்கும் சங்கம் தன் முத்திரையைத் தந்து, பின்னர் மருத்துவக் கவுன்சிலின் நடவடிக்கைக்கு ஆளானது. 2009 டிசம்பரில் மருந்துக் கம்பெனிகளிடம் பரிசு வாங்குவதைத் தடைசெய்த விதி வைத்தியரோடு அவர்களுடைய சங்கங்களையும் சேர்த்தே கட்டியது. 2016-இல் சங்கங்களைப் பற்றிய சொற்கள் மட்டும் அவ்விதியிலிருந்து எடுக்கப்பட்டன. தனி மனிதன் வாங்கக்கூடாததைச் சபை வாங்கலாம் என்பது விசித்திரமான தர்மம். அதனால்தான் பதஞ்சலி நிறுவனத்தின் பொய்யான விளம்பரங்களை எதிர்த்து 2022-இல் தொடுத்த மிக நியாயமான வழக்கிலும், 2024-இல் உச்சநீதிமன்றம் சங்கத்தைப் பார்த்து, விலையுயர்ந்த மருந்துகளைத் தேவையின்றி எழுதித்தரும் சொந்த அங்கத்தினரின் ஒழுங்கையும் கவனிக்கும்படி சொல்ல நேர்ந்தது. அதைப் பேட்டியில் விமர்சித்த சங்கத் தலைவர் மன்னிப்பும் கேட்டார்.

இனி, இளைஞரின் தயக்கம். 1928-இல் வைத்தியருக்கு எதிராளி சர்க்கார், பின்னர் வழக்காடுவோர், பின்னர் வன்முறையாளர். எல்லோரும் வெளியார். இன்று பட்டம் பெற்று வெளிவரும் இளைஞரில் பலர் கிளினிக் வைப்பதில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் மாதச் சம்பளத்துக்கோ, குறைந்தபட்ச வருமான ஒப்பந்தத்துக்கோ சேர்ந்து, இரவு பகலாக டியூட்டி பார்க்கிறார்கள். அவர்களுடைய குறை முதலாளியைப் பற்றியது; அந்த முதலாளியும் சங்கத்தின் அங்கத்தினர்; பல ஊர்களில் கிளைத் தலைவரே அவர்தான். 2024 ஆகஸ்டில் கல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் பயிற்சி வைத்தியப் பெண் ஒருவர் கொல்லப்பட்டபோது, 17-ஆம் தேதி 24 மணி நேரம் நாடெங்கும் அவசர சிகிச்சை தவிர மற்றவற்றை நிறுத்திச் சங்கம் தன் பலத்தைக் காட்டியது பாராட்டத்தக்கதே. ஆயினும், அந்தக் கிளர்ச்சியை முதலில் எழுப்பி, நாள்தோறும் தெருவில் நின்று நடத்தியவர்கள் ரெஸிடெண்ட் டாக்டர்களின் தனிச் சங்கத்தார். பெரிய சங்கம் தங்களுடையதன்று என்று அவர்கள் எண்ணியதன் அடையாளமாகவே இதை நான் கொள்கிறேன்.

நிறுத்திவைத்த சம்பளத்துக்கும் ஓய்வின்றித் தொடரும் டியூட்டிக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின்கீழ் சமரச மன்றம் அமைப்பதும், மாநில நிர்வாக சபையில் சம்பள வைத்தியருக்கும் மேற்படிப்பு மாணவருக்கும் சில இடங்களை ஒதுக்குவதும் அசாத்தியமான காரியங்களல்ல. ஆஸ்பத்திரிச் சொந்தக்காரர்கள் ஆட்சேபிப்பார்கள். சங்கக் கட்டிடங்களுக்கு நன்கொடை தந்தவர்களும் வழக்குச் செலவைத் தாங்கியவர்களும் தாங்களே என்பார்கள், அது பொய்யுமன்று. ஆனால் அவர்களுடைய குடும்பப் பாதுகாப்புத் திட்டத்தில் அடுத்த பத்தாண்டுகளுக்குப் பங்கு செலுத்த வேண்டியவர்கள் அந்த இளைஞர்களே. அவர்கள் சேராவிட்டால் தம் மனைவி மக்களுக்குச் சேரவேண்டிய தொகை எங்கிருந்து வரும் என்று ஆட்சேபிப்பவர்கள் திட்டத்தின் பொருளாளரைக் கேட்டுப் பார்க்கலாம்.