துக்ளக்கின் பெயரில் ஒரு சிரிப்பு

நகைச்சுவை நடிகர் ஒருவர் முதன்முறையாகத் திரைப்படம் இயக்க முன்வந்தால், தமக்குக் கைவந்த கோமாளித்தனத்தையே நீட்டிப் படமாக்குவார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். சோ ராமசாமி அவ்வாறு செய்யவில்லை. ‘பார் மகளே பார்’ (1963) முதல் பிறர் படங்களில் சிரிப்பூட்டி வந்த அவர், 1971இல் தாமே இயக்கிய முதற்படத்திற்கு அரசியல் நையாண்டியைத் தேர்ந்தார். 1968இல் மேடையேறிய அவருடைய ‘முகமது பின் துக்ளக்’ நாடகமே அப்பெயருடன் திரைக்கு வந்தது.

ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த முஸ்லிம் மன்னர் ஒருவரின் பெயர் தமிழகத்தில் நகைப்புக்குரியதாக நிலைத்ததில் இப்படத்திற்கும், 1970 சனவரியில் சோ தொடங்கிய ‘துக்ளக்’ இதழுக்கும் பெரும் பங்குண்டு. ஆகவே படம் நன்று, தீது என்று தீர்ப்புக் கூறுவதோடு நம் வேலை முடிந்துவிடாது. அந்தச் சிரிப்பு யார்மீது விழுகிறது என்பதையும் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

கல்லறையிலிருந்து துக்ளக்கும், அவர் காலத்துப் பயணி இப்னு பதூதாவும் உயிருடன் வெளிப்படுகின்றனர். நாடு அதனை நம்புகிறது. துக்ளக் தேர்தலில் வென்று பிரதமராகிறார். கட்சி மாறி வந்தோரையெல்லாம் துணைப் பிரதமர்களாக்குகிறார். மொழிச் சண்டைக்கு மருந்தாகப் பாரசீகத்தைக் கொண்டு வருகிறார். உண்மையில் இருவரும் வேடதாரிகள். மக்களுக்குப் பாடம் புகட்டப் புறப்பட்ட மகாதேவனும் ராகவனுமே அவர்கள். வேடத்தைக் களைய வேண்டிய வேளையில், பதவியின் சுவை கண்ட ராகவன் மறுத்து விடுகிறான்.

படத்தின் வலிமை இத்திருப்பத்தில்தான் இருக்கிறது. அதுவரை மன்னரைப் பார்த்துச் சிரித்தவர்கள், மேடையில் மன்னரே இல்லை என்பதை அறிகின்றனர். எஞ்சியிருப்போர் யார்? ஆராயாமல் நம்பிய வாக்காளர். ஆதாயத்திற்காகக் கட்சி மாறிய பிரதிநிதிகள். அதிகாரத்தில் தன்னை இழந்த ஒரு நண்பன். சிரிப்பு அவர்கள்மீதே விழுகிறது. இதில் சமயக் காழ்ப்பு இல்லை. ‘அல்லா அல்லா’ என எம். எஸ். விசுவநாதன் குரலில் ஒலிக்கும் பாடலும் மரியாதையோடுதான் அமைந்திருக்கிறது.

குறைகளும் உள. நாடக மேடையின் பிடியிலிருந்து புதிய இயக்குநர் விடுபடவில்லை. பாத்திரங்கள் நிற்கின்றனர், பேசுகின்றனர், காமிரா கேட்டுக்கொண்டிருக்கிறது. கண்ணால் காண வேண்டியதையும் காதால்தான் பெறுகிறோம். கூர்மையான விடைகள் யாவும் சோவுக்கே உரியன. ஏனையோரிற் பலர் அவற்றுக்கு வினா எடுத்துக் கொடுக்கவே வருகின்றனர். நடிகரே இயக்குநராகும்போது நேரும் பழைய நோய் இது. ஆயினும் உரையாடலின் விரைவு அக்குறையைப் பெரிதும் மறைத்து விடுகிறது.

இனி, வேடத்திற்குப் பின்னாலுள்ள உண்மை மனிதரைக் காண்போம். முஹம்மது பின் துக்ளக் 1325 முதல் 1351 வரை ஆண்டவர். அவர் தோல் நாணயம் வெளியிட்டார் என்பது ஊர்ப்பேச்சு. 1329-30 அளவில் அவர் வெளியிட்டவை செம்பும் பித்தளையும் கலந்த அடையாள நாணயங்கள். சீனத்தில் தாள் பணம் முன்னரே வழங்கியது. அவர் கருத்து பிழையன்று. கள்ள நாணயத்தைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாமற் போனதே பிழை. தௌலதாபாத்திற்குக் குடியேற்றியது துன்பமாய் முடிந்தது. எனினும் அவ்வழியே தக்காணம் சென்ற சூபியரால் குல்தாபாத் ஞானத் தலமாயிற்று. அவர் கொடுமைகளும் மெய்யே. இவ்விருமுகத்தையும் கிரீஷ் கர்னாட் 1964இல் தம் கன்னட நாடகத்தில் துன்பியலாக வடித்தார். சோ அம்மன்னரிடமிருந்து பெயரை மட்டுமே எடுத்துக்கொண்டார்.

இப்னு பதூதாவின் நிலையோ இன்னும் வியப்புக்குரியது. படத்தில் பதவியை விட மறுப்பவன் அவர் வேடம் பூண்டவனே. மெய்யான இப்னு பதூதாவோ தில்லியில் காழியாக இருந்தவர். ஸுல்தானின் ஐயத்திற்கு ஆளானபோது உடைமைகளைத் துறந்து, ஒரு பெரியாரை அடுத்துத் துறவு வாழ்க்கை மேற்கொண்டார். பின்னர்ச் சீனத்திற்குத் தூதராய்ப் புறப்பட்டு, கடலில் இடருற்று, மாலத்தீவில் காழியாயிருந்து, நம் தமிழ் மண்ணின் மதுரை ஸுல்தானகத்திற்கும் வந்து சேர்ந்தார். மன்னரின் கொடையையும் குருதியையும் ஒருங்கே எழுதி வைத்த அந்தப் பேனாவைப் படம் அறவே மறந்துவிட்டது. உண்மையைச் சொல்லத் துடிக்கும் மகாதேவனுக்குத் துணையாக நிறுத்தத் தக்கவர் அவரே என்பதை எண்ணும்போது, இது வரலாற்றுக் குறை மட்டுமன்று, கலைக் குறையும் ஆகும்.

சோ 2016இல் மறைந்தார். ‘துக்ளக் தர்பார்’ என்னும் சொல் மட்டும் சென்னை மேடைகளிலிருந்து கம்மாபுரம் போன்ற ஊர்களின் திண்ணைவரை இன்றும் வழங்குகிறது. 2021இல் அப்பெயரிலேயே வேறொரு படமும் வந்தது. படம் பார்க்காதவரும் அச்சொல்லை ஆளுகின்றனர். நையாண்டி செய்பவன் வரலாற்றிலிருந்து ஒரு முகமூடியை எடுத்துக்கொள்வது அவன் உரிமை. அதனை நாம் குறைகூறிப் பயனில்லை. நம் பிள்ளைகள் இப்படத்தைப் பார்க்கட்டும், வாய்விட்டுச் சிரிக்கட்டும். அவர்கள் சிரித்து முடித்த பின், இப்னு பதூதாவின் பயண நூலையும் அவர்கள் கையில் கொடுப்பது பெற்றோராகிய நம் பொறுப்பு.