புழுவும் புலியும்

வீரன் என்றால் விழி சிவக்க வேண்டும், குருதி ஆறாய் ஓட வேண்டும் என்று எண்ணிப் பழகிவிட்டோம் நாம். அந்த எண்ணத்தை எள்ளி நகையாடியது, அமெரிக்காவில் 1940-இல் ஃபாசெட் நிறுவனம் தொடங்கிய காப்டன் மார்வெல் சித்திரக்கதை. பில் பார்க்கர் எழுதினார், சி. சி. பெக் வரைந்தார்.

கதைத் தலைவன் யார்? தாய் தந்தையற்றுத் தெருவில் செய்தித்தாள் விற்கும் சிறுவன், பில்லி பேட்சன்! 'ஷஸாம்' என்பான், இடி இடிக்கும், செவ்வாடை மாவீரன் நிற்பான். ஆற்றலை அருளுபவர் ஒரு மந்திரக் கிழவர். நாம் முகம் சுளித்தோம். அடுத்த பக்கத்திலேயே சிரித்தும்விட்டோம்.

1943 முதல் 1945 வரை நீண்ட தொடர் ஒன்றில் உலகையே நடுங்கவைக்கும் கொடியவன் யாரெனத் தேடினால், கண்ணாடி அணிந்த சின்னஞ்சிறு புழு! மலையைப் பெயர்க்கும் மாவீரன் புழுவைத் துரத்தி அலைகிறான். வலிமையே வலிமையைக் கேலி செய்துகொள்ளும் இந்தப் பண்புதான் முதியவரையும் சிறுவராக்குகிறது.

ஆனால் இதே ஏடு கறுப்பினப் பணியாளன் ஒருவனை இழிவாக வரைந்தும் சிரிக்கச் சொன்னது. அது நகைச்சுவையா? தாழ்த்தப்பட்டோரைக் குத்தும் ஈட்டி! 1945-இல் நியூயார்க் மாணவர்கள் ஆசிரியரிடம் நேரில் சென்று வாதாடினர், அப்பாத்திரம் நீக்கப்பட்டது. ஆம், மாணவர்கள்!

1947-இல் வந்தது பேசும் புலி. கோட்டணிந்து, மனிதரோடு மனிதராய் வாழ விழைகிறது. ஊரார் அஞ்சுகின்றனர். புலியாய்ப் பிறந்தது அதன் குற்றமா? மாவீரன் அதன் தோழனாகிறான்.

சூப்பர்மேனின் நகல் என்று தொடுத்த வழக்கால் 1953-இல் ஏடு நின்றது. பறப்பது ஒப்புமையாகலாம், அந்தப் புலியை எவரிடமிருந்து இரவல் பெற்றார்களாம்?