புள்ளடியும் பாடப்புத்தகமும்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு வாதம் மேடையேறும்: பாடசாலையில் குடியியற் கல்வி வலுப்பெற்றால் இளையோர் வாக்களிக்க வருவார்கள். இதில் நல்லெண்ணம் இருக்கிறது, நிறுவல் இல்லை. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் 79.46 வீதத்தினர் வாக்களித்தனர். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அது 68.93 வீதமாகச் சரிந்தது. இடைவெளி எட்டு வாரம்கூட இல்லை. அதே வாக்காளர் இடாப்பு, அதே 1 கோடியே 71 இலட்சம் பேர், அவர்கள் பள்ளியில் படித்ததும் அதேதான். ஆனாலும் ஏறக்குறைய 18 இலட்சம் பேர் இரண்டாம் முறை வரவில்லை. மாறாத ஒன்றைக் காட்டி மாறியதை விளக்க முடியாது.

இதைவிடக் கடுமையான சான்று 2005 இல் உண்டு. விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் அந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் வாக்களிப்பு 1.21 வீதத்தில் நின்றது. கல்வியைத் தன் அடையாளமாகவே கொண்ட மாவட்டம் அது. இவை குடியியற் கல்வியின் பயனை மறுக்கும் சான்றுகள் அல்ல. வருகை வீதத்தைக் கொண்டு அதை அளப்பது பிழை என்பதே இவற்றிலிருந்து பெறக்கூடிய முடிவு. சூழலும் அச்சமும் சலிப்பும் நிர்ணயிக்கும் எண்ணை ஒரு பாடத்தின் வெற்றியாகவோ தோல்வியாகவோ பதிவது நேர்மையான மதிப்பீடு ஆகாது.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? வந்தவர் தம் வாக்கை எப்படிக் கையாண்டார் என்பதைக் கொண்டு. 2024 நவம்பரில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 6,67,240, அளிக்கப்பட்டவற்றில் 5.65 வீதம். 2020 பாராளுமன்றத் தேர்தலில் இது 6 வீதத்தையும் தாண்டியிருந்தது. ஜனாதிபதித் தேர்தல்களிலோ 1, 2 வீதத்தை ஒட்டியே நிற்கிறது. கட்சிக்கு முதலில் புள்ளடி, பிறகு விரும்பினால் மூவர் வரை விருப்பு வாக்கு என்பதே பாராளுமன்ற வாக்குச்சீட்டின் முறை. கட்சியை விட்டுவிட்டு வேட்பாளர் இலக்கத்தை மட்டும் குறித்தால் சீட்டு வீண். நிராகரிக்கப்பட்டவற்றில் ஒரு பகுதி வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்ட எதிர்ப்பு வாக்காகவும் இருக்கலாம். ஆனால் எதிர்ப்பு மட்டுமே காரணம் என்றால், தேர்தலின் வகைக்கேற்ப இந்த வீதம் இவ்வளவு ஒழுங்காக ஏறி இறங்காது.

இரண்டாம் விருப்பு பற்றிய கணக்கு இன்னும் தெளிவானது. 1982 முதல் ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம், மூன்றாம் விருப்பைக் குறிக்கும் உரிமை நமக்கு உண்டு. அவை எண்ணப்பட்டது 2024 இல்தான். முதலிரு வேட்பாளரைத் தவிர ஏனையோருக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து அநுர குமார திசாநாயக்கவுக்கும் சஜித் பிரேமதாசவுக்கும் சேர்ந்த விருப்புகள் 2,73,131. அதாவது 8 வீதம் அளவில். தெரிந்தே தவிர்த்தவர்களும் இருப்பர். தமிழ்ப் பொதுவேட்பாளருக்கு வாக்களித்த 2,26,343 பேரில் பலருக்கு இரண்டாம் விருப்பை மறுப்பதே அரசியலாக இருந்திருக்கலாம். ஆனாலும் பத்தில் ஒன்பது பேர் தெரிந்தே தவிர்த்தார்கள் என்று வாதிட நான் தயாரில்லை.

இந்த அளவுகோலோடு பாடத்திட்டத்துக்கு வருவோம். தரம் 6 முதல் 9 வரை வாழ்க்கைத் தேர்ச்சியோடு இணைந்து எல்லோருக்கும் இப்பாடம் உண்டு. இது உண்மையான சாதனை. கொழும்பின் எந்தப் பாடசாலைப் பிள்ளையும் சனநாயகம் என்ற சொல்லையே கேளாமல் தரம் 10 க்குப் போவதில்லை. சாதாரண தரத்தில் அது முதலாம் தொகுதியில் ஒரு விருப்பப் பாடம். வணிகக் கல்வியும் கணக்கீடும், புவியியல், இரண்டாம் மொழி ஆகியவற்றோடு அது போட்டியிட வேண்டும். ரியூசன் சந்தையின் கண் எதன்மேல் விழும் என்பது வெள்ளவத்தைப் பெற்றோருக்குத் தெரியாததல்ல. ஆகவே பெரும்பாலான மாணவருக்குக் குடியியல் 14 வயதில் முடிந்துபோகிறது. உயர்தரத்தில் அரசறிவியல் எடுப்பவரைத் தவிர, முதல் வாக்கு வரும் 18 வயதுக்கும் கடைசிப் பாடத்துக்கும் இடையே நான்கு ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன.

உள்ளடக்கத்தில் பெரிய குறை சொல்வதற்கில்லை, குறை முறையில். சட்டத்துறை, நிறைவேற்றுத்துறை, நீதித்துறை என்று வரிசைப்படுத்தும் விடை புள்ளியைத் தரும். மாதிரி வாக்குச்சீட்டில் பிழையின்றிப் புள்ளடி இடத் தெரிந்ததற்குப் பரீட்சையில் புள்ளி கிடையாது. மாணவர் பாராளுமன்றம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது: வேட்புமனு, பிரசாரம், வாக்கெடுப்பு, எண்ணுதல் எல்லாம் கைப்பழக்கமாகின்றன. ஆனால் அதிபர் ஒரு சொல்லில் மாற்றிவிடக்கூடிய தீர்மானங்களை நிறைவேற்றும் சபை அதிகாரத்தைக் கற்பிப்பதில்லை. அதன் சடங்கைத்தான் கற்பிக்கிறது.

உரிமை பற்றிய பகுதியிலும் இதே நோய். 2007 ஜூன் 7 இல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். பெரும்பாலோர் வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாடியது. வெளியேற்றத்தைத் தடுக்கும் இடைக்கால உத்தரவு கிடைத்தது. நடமாடும் சுதந்திரம், சமத்துவம், அடிப்படை உரிமை மனு, 126 ஆம் உறுப்புரை என நான்கு அலகுகளும் அந்த ஒரே வழக்கில் அடக்கம், அதுவும் மாணவரின் சொந்தத் தெருவில் நடந்தது. இதைத் தவிர்த்துவிட்டு உறுப்புரை இலக்கங்களை மனனம் செய்விக்கும் ஆசிரியர் நடுநிலை காப்பதாக எண்ணலாம். விளைவில் அவர் பாடத்தின் உயிரையே எடுத்துவிடுகிறார்.

எல்லோருக்கும் ஒரே அளவு பயன் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. 1968 இல் லாங்டனும் ஜெனிங்ஸும் அமெரிக்க உயர்பள்ளி மாணவரை ஆராய்ந்து, குடியியல் பாடத்தின் தாக்கம் மொத்தத்தில் அற்பம் என்றார்கள். கறுப்பின மாணவரிடம் மட்டும் அது தெளிவாகத் தெரிந்தது. வீட்டில் ஏற்கெனவே கிடைப்பதைப் பள்ளி திரும்பச் சொன்னால் பயன் குறைவு என்பதே அவர்கள் தந்த விளக்கம். கொட்டாஞ்சேனையில் தோட்டங்கள் எனப்படும் நகரக் குடியிருப்புகளில் வாழும் மலையக வழிக் குடும்பங்கள் சிலவற்றில், 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான பாட்டன் பாட்டி உண்டு. எஞ்சியோரின் சிக்கல் சட்டப்படி தீர்ந்தது 2003 இல்தான். அத்தகைய வீடுகளிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்தப் பாடம் அதிகம் தரக்கூடும். அங்கேதான் அதற்கு நல்ல ஆசிரியரும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும்.

‘2022 காலிமுகத்திடல் கற்பித்ததை எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை’ என்பார் சிலர். எழுச்சி தந்த துணிவை மதிக்கிறேன். ஆனால் போராட்டக் களம் யாருக்கும் விருப்பு வாக்கைக் குறிக்கச் சொல்லித் தரவில்லை. இடாப்பில் பெயர் பதியவும் சொல்லித் தரவில்லை. வாக்குரிமை பேசும் யாப்பின் 4 ஆம் உறுப்புரையே 18 வயதோடு நிற்காமல், பெயர் இடாப்பில் இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அந்தப் பெயர் கிராம அலுவலர் கொண்டுவரும் படிவத்தில் ஏறுகிறது. அதை நிரப்புபவர் பிரதம குடியிருப்பாளர். வெள்ளவத்தை மாடிவீட்டில் வாடகைக்கு இருக்கும் இளைஞனுக்கு வீட்டுக்காரர் தயங்கினால் என்ன செய்வது, யாழ்ப்பாணத்து முகவரியிலேயே பெயரை விட்டுவைப்பதா, ஆண்டின் நடுவில் 18 வயதாகுவோருக்கு 2021 திருத்தம் திறந்த துணை இடாப்பு எது? முதல் வாக்காளருக்குத் தேவையான குடியியல் இதுதான்.

ஆகவே என் தீர்ப்பு: பாடத்தின் நோக்கம் சரி, உள்ளடக்கம் போதுமானது, முறை பலவீனம், காலம் பிழை. சாதாரண தரத்தில் கட்டாயமாக்கினால் மனன வினாக்கள் பெருகும். அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உயர்தர வகுப்பில், எந்தப் பிரிவினருக்கும், பரீட்சையின்றி ஒரு தவணை போதும்: படிவம், வாக்குச்சீட்டு, ஒரு வழக்கு. அதன் பயனைச் சோதிக்கவும் வழி உண்டு. தேர்தல் ஆணைக்குழுவின் முடிவுகள் தொகுதிவாரியாக வருகின்றன, வயதுவாரியாக அல்ல. ஆனால் ஒவ்வொரு சாவடியிலும் வாக்களித்தவரின் பெயர் இடாப்பில் அடையாளமிடப்படுகிறது. பெயர்களை மறைத்து, சில சாவடிகளின் மாதிரியை வயதோடு ஒப்பிட அனுமதித்தால், இளையோர் வாக்கு பற்றி மேடைகளில் சொல்லப்படுபவற்றைச் சரிபார்க்க முடியும்.