ஒரு மணி நேர இருட்டு: மிச்சமாவது எவ்வளவு?

ஆண்டுதோறும், வழக்கமாக மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமையன்று, இரவு 8.30 மணிக்கு உலகின் பல நகரங்களில் விளக்குகள் அணைக்கப்படுகின்றன. ஒரு மணி நேரம் கழித்து அவை மீண்டும் எரிகின்றன. இதற்குப் 'புவி மணி' என்று பெயர். புவி வெப்பமடைவதை நினைவூட்டுவதும், ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிட மக்களைத் தூண்டுவதும் இதன் நோக்கங்கள். நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் நல்ல நோக்கத்துடன் செய்யப்படும் ஒரு காரியத்தையும் அறிவியல் நோக்கில் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? இந்த ஒரு மணி நேர இருட்டினால் உண்மையில் மிச்சமாவது எவ்வளவு?

சிட்னியில் தொடக்கம்

2007ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று இரவு 7.30 மணிக்கு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் முதல் புவி மணி கடைப்பிடிக்கப்பட்டது. துறைமுகப் பாலமும் ஆப்பெரா மாளிகையும் இருளில் மூழ்கின. ஏறத்தாழ 22 லட்சம் பேர் பங்கேற்றதாக அமைப்பாளர்கள் கூறினர். அந்த ஒரு மணி நேரத்தில் மின் நுகர்வு எதிர்பார்த்ததைவிட 10.2 சதவீதம் குறைந்தது என்ற செய்தி பரவியது. மறு ஆண்டே இவ்வியக்கம் பல நாடுகளுக்குச் சென்றது.

10.2 சதவீதம் என்பது காதுக்கு இனிய எண். ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 8,760 மணி. அவற்றுள் ஒரே ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது என்றால், ஆண்டு முழுவதற்குமாக ஆறு நிமிட நுகர்வு மிச்சமாயிற்று என்று பொருள். லட்சம் யூனிட் செலவழிக்கும் இடத்தில் ஏறக்குறைய ஒரு யூனிட்!

அந்த 10 சதவீதமும் எல்லா இடங்களிலும் கிட்டவில்லை. பத்து நாடுகளில், ஆறு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட 274 அளவீடுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஆய்வொன்று 2014இல் வெளியாயிற்று. அதன்படி சராசரிக் குறைவு 4 சதவீதமே. கனடாவில் ஓரிடத்தில் 28 சதவீதம் வரை குறைந்தது. நியூசிலாந்தில் ஓரிடத்தில் 2 சதவீதம் கூடவே செய்தது! விளக்கை அணைத்தால் நுகர்வு கூடுமா என்று வியப்படைய வேண்டாம். அன்றைய வெப்பநிலை, மழை, விடுமுறை ஆகியவற்றால் மின் நுகர்வு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். நிகழ்ச்சி நடவாமல் இருந்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று மதிப்பிட்டு, அதனுடன் ஒப்பிட்டே குறைவைக் கணக்கிட வேண்டும். குறைவு சிறிதாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்துக்குள் அது மறைந்துவிடும்.

மின்சாரம் குடத்து நீரன்று

நான் பயன்படுத்தாத மின்சாரம் எங்கோ சேமித்து வைக்கப்படுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். மின்சாரம் குடத்தில் பிடித்து வைத்த நீரன்று. மின்கலங்களிலும், மேட்டுக்கு நீரேற்றிப் பின் மின்னாக்கும் நிலையங்களிலும் ஓரளவு சேமிக்க முடியும் என்றாலும், பெரும்பகுதியை ஆக்கும் கணத்திலேயே செலவழித்தாக வேண்டும். ஆக்கமும் நுகர்வும் நொடிதோறும் சமமாக இருந்தால்தான் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் வினாடிக்கு 50 சுற்று என்ற அளவில் நிலைத்து நிற்கும்.

பாரம் ஏற்றிய வண்டியை மாடுகள் இழுத்துச் செல்வதாகக் கொள்வோம். பாரத்தில் பாதி திடீரெனச் சரிந்து விழுந்தால் வண்டி முன்னே பாயும். திடீரென ஏற்றினால் வேகம் தளரும். மின்னாக்கிகளும் இப்படியே. சுமை சட்டென்று குறைந்தால் அவை வேகமாகச் சுழலும், அதிர்வெண் உயரும். சுமை கூடினால் அதிர்வெண் தாழும். எல்லை மீறினால் பாதுகாப்புக் கருவிகள் நிலையங்களைத் துண்டித்துவிடும்.

அனல் மின் நிலையத்தை நினைத்த நேரத்தில் நிறுத்தி, நினைத்த நேரத்தில் ஓட்ட இயலாது. கொதிகலன் ஆறினால் மீண்டும் சூடேற்றப் பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே ஒரு மணி நேரத்துக்காக அதை நிறுத்துவதில்லை. மின்னாக்கத்தை மட்டுப்படுத்தி ஓட்டுவார்கள். நிலக்கரிச் செலவு குறையும்; ஆனால் குறைந்த சுமையில் நிலையத்தின் திறனும் குறைவதால், மின்சாரம் குறைந்த அதே விகிதத்தில் அது குறையாது. எனவே "சிறிதும் மிச்சமில்லை" என்று ஏளனம் செய்வோரின் கூற்றும் தவறு. அணைத்த ஒவ்வொரு வாட்டும் அப்படியே நிலக்கரியாக மிஞ்சும் என்பதும் தவறு.

இந்தியா கண்ட ஒன்பது நிமிடங்கள்

நாடு முழுவதும் ஒரே நேரத்தில் விளக்கணைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2020 ஏப்ரல் 5 அன்று இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடங்கள் வீட்டு விளக்குகளை அணைக்குமாறு பிரதமர் கேட்டுக்கொண்டார். அது கொரோனாக் காலத்தில் ஒற்றுமையைக் காட்டுவதற்காக. மின் சிக்கனத்துக்காக அன்று. என்றாலும் மின் பொறியியலுக்கு அது ஒரு பெரும் பாடம்.

தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று பொறியாளர்கள் மதிப்பிட்டிருந்தனர். ஆனால் குறைந்தது 31,000 மெகாவாட்டுக்கும் மேல்! இரவு 8.45க்குச் சுமார் 1,17,300 மெகாவாட்டாக இருந்த தேவை 9.10க்குள் சுமார் 85,300 மெகாவாட்டாக இறங்கியது. நிலைமையைக் காத்தவை புனல் மின் நிலையங்கள். நீரின் வரத்தைக் கட்டுப்படுத்தி அவற்றைச் சில நிமிடங்களில் ஏற்றவும் இறக்கவும் முடியும். அவற்றின் ஆக்கம் 25,559 மெகாவாட்டிலிருந்து 8,016 மெகாவாட்டுக்குக் குறைக்கப்பட்டது. விளக்குகள் மீண்டும் எரிந்தபோது உடனே உயர்த்தப்பட்டது. அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையே அசைந்தது. நாள்கணக்கில் திட்டமிட்டதாலும், மின் விசிறி, குளிர்பதனப் பெட்டி முதலியவற்றை நிறுத்த வேண்டாம் என்று அரசு முன்கூட்டியே அறிவித்ததாலும் இடர் ஏதும் நேரவில்லை.

இதிலிருந்து பெறப்படுவது என்ன? விளக்கணைப்பு சிறிய அளவில் நடந்தால் சேமிப்பு கணக்கில் வாராது. மிகப் பெரிய அளவில் நடந்தால் மின் தொகுப்புக்குச் சோதனையாகும். "எல்லோரும் ஒரே நேரத்தில்" என்பது விழாவுக்கு அழகு. மின் சிக்கனத்துக்கு வேண்டியதோ "ஒவ்வொருவரும், ஒவ்வொரு நாளும்" என்பது.

மெழுகுவர்த்தியின் கணக்கு

இருட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவது இந்நிகழ்ச்சிகளில் வழக்கம். மெழுகு பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது. நடுத்தர மெழுகுவர்த்தி ஒன்று மணிக்கு ஏறக்குறைய 5 கிராம் மெழுகை எரிக்கிறது. அதனால் சுமார் 15 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒரு மணி நேரம் எரிந்தால், நம் நாட்டு மின் தொகுப்பின் சராசரிப்படி, வெளியாவது ஆறு ஏழு கிராம். மெழுகுவர்த்தி தரும் ஒளியோ அவ்விளக்கின் ஒளியில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. விளக்கை அணைத்து இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றும் வீடு, காற்றில் கரியைக் கூட்டுகிறதேயன்றிக் குறைக்கவில்லை.

நிலைத்த சேமிப்பு

ஒரு நகரமே மின் நுகர்வைக் குறைத்த உண்மை நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2008 ஏப்ரலில், அலாஸ்கா மாநிலத் தலைநகரான ஜூனோவுக்குப் புனல் மின்சாரம் கொண்டுவரும் கம்பித் தொடரைப் பனிச்சரிவு சாய்த்தது. டீசல் மின்னாக்கிகளை நம்ப வேண்டியதாயிற்று. மின் கட்டணம் சுமார் ஐந்து மடங்காயிற்று. மக்கள் தேவையற்ற விளக்குகளை அணைத்தனர், விளக்குகளை மாற்றினர், வெந்நீர்ச் செலவைக் குறைத்தனர். நுகர்வு 25 சதவீதம் குறைந்தது. கம்பித் தொடரைச் சரிசெய்து, கட்டணமும் பழைய நிலைக்கு வந்த பிறகும் 8 சதவீதக் குறைவு நீடித்தது. அவசரத்தில் கற்ற பழக்கமும், மாற்றிய கருவிகளும் நிலைத்துவிட்டன.

நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். புவி மணியில் 9 வாட் விளக்குகள் ஐந்தை அணைத்தால் மிச்சம் 45 வாட்-மணி. 75 வாட் மின் விசிறிக்குப் பதிலாக 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறியைப் பொருத்தி நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் மிச்சம் 450 வாட்-மணி. அதாவது, பத்து ஆண்டுப் புவி மணிகளின் சேமிப்பு ஒரே நாளில் கிட்டுகிறது! 2015இல் தொடங்கிய உஜாலாத் திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் குறைந்த விலையில் வழங்கப்பட்டன. ஆரவாரமற்ற அந்த மாற்றம் நாள்தோறும் சேமித்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் கைவிடலாமா?

வேண்டாம். இந்நிகழ்ச்சி ஓர் அடையாளமே, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் உபாயம் அன்று என்று அமைப்பாளர்களும் கூறியுள்ளனர். குறை அடையாளத்தில் இல்லை. அதைச் சாதனையாகக் காட்டும் எண்களில் இருக்கிறது. "இத்தனை மெகாவாட் சேமித்தோம்" என்று கேட்டவர், தம் கடமை முடிந்தது என்று எண்ணி நிம்மதியாக உறங்கிவிடுவார். மீதமுள்ள 8,759 மணி நேரம் மறந்துபோகும்.

இதை நடத்த விரும்பும் மாணவர்கள் ஒன்று செய்யலாம். நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பிருந்து தெருவிலுள்ள இருபது வீடுகளின் மின் அளவியை நாள்தோறும் ஒரே நேரத்தில் குறித்து வாருங்கள். பங்கேற்காத இருபது வீடுகளையும் குறியுங்கள்; கோடையில் எல்லா வீடுகளிலும் விசிறி மிகுதியாக ஓடும், ஆதலால் இந்த ஒப்பீடு இன்றியமையாதது. மெழுகுவர்த்தி வேண்டாம், தெரு விளக்கையும் மாடிப்படி விளக்கையும் அணைக்க வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தில் வீடு வீடாகச் சென்று, எந்தக் கருவி எத்தனை வாட் என்று வீட்டாருடன் சேர்ந்து கணக்கிடுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் அளவியைப் பாருங்கள்.

அப்போது இரு தொகுதி வீடுகளுக்கும் இடையே வேறுபாடு தெரிந்தால், உங்கள் விளக்கணைப்பு வெற்றி பெற்றது. தெரியாவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பதை அதுவே உங்களுக்குச் சொல்லும்.