மலாக்காவில் மறைந்த தோமையார் கோயில்

போர்த்துக்கீசியர் ஆண்ட மலாக்காவைப் பற்றி எழுதப் புகுவோர், குன்றின் மேல் நிற்கும் பவுல் கோயிலின் இடிந்த சுவர்களோடு நின்றுவிடுகின்றனர். தமிழர் வரலாற்றுக்கு அதனினும் நெருங்கியது, இன்று காணக் கிடையாத புனித தோமையார் பங்குக் கோயில். அப்பங்கைக் குறித்த சிறந்த சான்று, மானுவேல் கொதிஞ்யோ தெ எரேதியா 1613-இல் எழுதிய மலாக்கா விவரணமாகும். மில்ஸ் என்பார் அதனை ஆங்கிலத்தில் பெயர்க்க, 1930-இல் அச்சேறியது.

கோட்டைக்கு வெளியே, ஆற்றுக்கு அப்பால் இருந்த ஊப்பே புறநகர் இரு பங்குகளாகப் பிரிந்திருந்தது என்கிறார் எரேதியா. ஸ்தேவான் பங்குக்குக் கம்போங் சீனா என்று பெயர். தோமையார் பங்குக்குக் கம்போங் செலிம். பின்னதில் வாழ்ந்தோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த ‘செலி’கள். இதைக் கொண்டு அங்கிருந்த தமிழர் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றவர் என முடிவு கட்டுதல் பொருந்தாது. பங்கு என்பது திருச்சபை வகுத்த நில எல்லை. அதற்குள் பிற சமயத்தாரும் குடியிருப்பர். மலாக்காவில் கிறிஸ்தவரல்லாதார் இருந்ததை எரேதியாவே மறைக்கவில்லை.

அவர் வழுக்குவது வேறிடத்தில். மலாக்காவிலேயே 1563-இல் பிறந்தவர். ஆயினும் அண்டைத் தெருவினர் யாரென அறிய உரோமானியரான பிளினியின் நூலைப் புரட்டி, அவர் கூறும் கலிங்கரே இவர் என்கிறார். ‘கிளிங்’ என்னும் சொல் கலிங்கத்திலிருந்து வந்தது என்பது இன்றும் பலர் ஏற்கும் கருத்தே. ஆனால் சொல்லின் பிறப்பு வேறு, மக்களின் பிறப்பிடம் வேறு. அவர்கள் எம்மொழியில் செபித்தனர் என்பதற்கு அப்பத்தியில் ஒரு சொல்லும் இல்லை. இத்தனைக்கும் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் 1578-லேயே தமிழில் அச்சாகிவிட்டது!

கோயிலின் மறைவைக் கருதும்போது கோத்தா திங்கி வட்டாரமும் நினைவில் வருதல் வேண்டும். அங்குள்ள ஜொகூர் லாமாவைப் போர்த்துக்கீசியர் 1587-இல் அழித்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின், 1640-இல், டச்சுக்காரர் மலாக்காவை முற்றுகையிட்டபோது ஜொகூர் அவர்களுக்குத் துணை நின்றது. படை முதலில் கைக்கொண்டது கோட்டையை அன்று; ஊப்பே புறநகரையே. 1641 ஜனவரியில் நகரம் வீழ்ந்தது. கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை விழுந்தது. அது தளர்ந்து பேதுரு கோயில் எழுந்த 1710-இல், தோமையார் பங்கை மீட்பார் இல்லை.

அப்பழைய புறநகர்ப் பகுதியில் இன்று 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும், 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும் அருகருகே நிற்கின்றன.