கேட்டாரும் கேளாரும்
அரசியல் விவரணப் படம் பற்றிய ஒரு நோக்கு

முன்னரே நண்பராயினாரை மேலும் பிணிப்பதோடு நில்லாது, மாறுபட்டு நிற்பாரும் அம்மாறுபாடு ஒழிந்து விரும்புமாறு அமைவதே சொல்வன்மை என்பது திருவள்ளுவர் கருத்து. கேட்டார், கேளார் என்னும் சொற்களுக்கு நட்பாய் ஏற்றவர், பகையாய் ஏலாதவர் எனப் பரிமேலழகர் பொருள் கொண்டமை சிந்திக்கற்பாலது. சொல்லுக்குக் கூறிய இவ்வளவுகோல் இக்காலத்து அரசியல் விவரணப் படங்களுக்கும் பொருந்துவதாகும். ஆட்சியாளரைக் கண்டித்துக் காண்போரிடத்துச் சினத்தையும் சிரிப்பையும் ஒருங்கே எழுப்பும் இப்படங்கள் கேளாரின் மனத்தை மாற்றுகின்றனவா, அன்றிக் கேட்டாரை மகிழ்விப்பதோடு அமைந்துவிடுகின்றனவா என்பதே ஈண்டு எழும் வினா.

இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற படம் அமெரிக்கரான மைக்கல் மூர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பரன்ஹைற் 9/11’ என்பதாம். ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் ஈராக்கின்மீது தொடுத்த போரைக் கண்டிப்பது அது. டிஸ்னி நிறுவனம் தன் கிளையான மிராமக்ஸ் அதனை விநியோகிப்பதற்கு இடங்கொடுக்கவில்லை. எனினும் அவ்வாண்டுக் கான் திரைப்பட விழாவிலே தங்கப் பனையோலை விருது அதற்கே கிடைத்தது. அமெரிக்காவில் மட்டும் அது ஈட்டிய வருவாய் ஏறத்தாழ 11 கோடியே 90 இலட்சம் டொலர். அதற்கு முன்னர் எந்த விவரணப் படமும் அத்துணை வருவாய் பெற்றதில்லை.

படத்தின் நோக்கமோ வெளிப்படை. 2004 நவம்பர்த் தேர்தலிற் புஷ் தோற்றல் வேண்டும் என்பதை மூர் மறைத்தாரல்லர். ஆயினும் அத்தேர்தலிற் புஷ் ஏறத்தாழ 6 கோடியே 20 இலட்சம் வாக்குகள் பெற்று, ஜோன் கெரியை 30 இலட்சம் வாக்குகளால் வென்றார். 2000ஆம் ஆண்டில் அல் கோரைவிட 5 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் குறைவாகப் பெற்றிருந்தவர் அவர். ஒரு தேர்தலின் முடிவு பல காரணங்களால் விளைவது. அதனை ஒரு படத்தின் வெற்றி தோல்விக்குச் சான்றாக்குதல் முறையாகாது. ஆயினும் அரங்கம் நிறைந்த கைதட்டலும் வாக்குச் சீட்டும் ஒன்றல்ல என்பது இதனாற் புலனாகின்றது.

இவ்வேறுபாட்டின் காரணத்தை இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஆய்வொன்று விளக்குகின்றது. அமெரிக்கப் போர்வீரருக்கெனப் பிராங்க் கப்ரா ‘நாம் ஏன் போரிடுகிறோம்’ என்னும் பொருள்படும் பெயரில் ஏழு படங்கள் தயாரித்தார். அவற்றுட் சிலவற்றின் பயனைக் கார்ல் ஹொவ்லண்ட் என்னும் உளவியலறிஞரும் அவருடைய துணைவரும் ஆராய்ந்து, 1949இல் நூலாக வெளியிட்டனர். படம் பார்த்த வீரர் செய்திகளை நன்கு அறிந்துகொண்டனர். சில கருத்துக்களும் மாறின. ஆனாற் போரிடும் ஊக்கம் மிகுந்ததாகக் காணப்படவில்லை. ஜப்பானுடனான போர் நெடுநாள் நீடிக்கும் என்று வலியுறுத்திய வானொலிப் பேச்சுக்களைக் கொண்டும் அவர்கள் சோதனை நிகழ்த்தினர். அக்கருத்தை முன்னரே உடையாரிடத்து ஒருபக்க நியாயம் மட்டும் கூறிய பேச்சே மிகுதியாய்ப் பயன்பட்டது. மாறான கருத்துடையாரிடத்தோ மறுபக்க நியாயங்களையும் எடுத்துரைத்த பேச்சே வென்றது. கேட்டாருக்கு ஒரு பேச்சு, கேளாருக்கு மற்றொரு பேச்சு என்பது இங்ஙனம் சோதனையாலும் நிறுவப்பட்டது.

மூரின் படத்தில் மறுபக்கம் இல்லை. இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட செய்தி கேட்டபின்னரும் புளோரிடாப் பாடசாலையொன்றில் ஏறத்தாழ ஏழு நிமிடம் புஷ் அமர்ந்திருந்த காட்சி, உண்மையில் வலிய சான்று. அதனைத் தன்னளவிற் பேசவிடாது, ஜனாதிபதியின் மனத்துள் எழுந்திருக்கக்கூடிய எண்ணங்களை மூர் எள்ளலாகத் தாமே கற்பித்துரைக்கின்றார். போருக்கு முந்திய ஈராக்கைக் காட்டுமிடத்துப் பட்டம் விடும் சிறுவர் உண்டு. சதாமின் கொடுமை இல்லை. இவற்றைக் காணும் நண்பர் நகைப்பர். மாறுபட்டோர், தம் தலைவர் எள்ளப்படுங்கால் தாமும் எள்ளப்பட்டாராகக் கருதி மனக்கதவை அடைத்துக்கொள்வர்.

எனினும் மெய்யான மனமாற்றம் ஒன்று இப்படத்திலேயே உண்டு. மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரத் தாயொருவர் இராணுவ சேவையைப் பெருமையாய்ப் போற்றியவர். போர் எதிர்ப்பாளரை வெறுத்தவர். ஈராக்கில் மகன் மாண்டபின், அவன் எழுதிய இறுதிக் கடிதத்தை அவர் வாசிக்கின்றார். அவரை மாற்றியது எள்ளல் அன்று, மறுத்தற்கியலாத உண்மை. அவர் பேசும் இடங்களில் மூரின் குரல் பெரிதும் அடங்கியிருத்தலும், படத்தின் தலைசிறந்த பகுதி அதுவே ஆதலும் தற்செயலல்ல.

இவ்வடக்கத்தையே முறையாகக் கொண்டது எரோல் மொரிஸ் 1988இல் வெளியிட்ட ‘மெல்லிய நீலக் கோடு’. டலஸ் நகரில் 1976இற் பொலிஸ் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட வழக்கிலே குற்றவாளியாகக் காணப்பட்ட ரண்டல் அடம்ஸ் பற்றியது அது. சாட்சிகளைப் பேசவிட்டு, ஒவ்வொருவர் கூற்றின்படியும் அந்நிகழ்ச்சியை மீண்டும் மீண்டும் காட்டுகின்றார் மொரிஸ். சாட்சியத்தின் முரண்பாடு தானே வெளிப்படுகின்றது. தீர்ப்புக் காண்போரிடம் விடப்படுகின்றது. 1989இல் அடம்ஸ் விடுதலை பெற்றார்.

ஒரு வழக்கினைப் பற்றிய படத்தையும் ஒரு நாட்டின் தேர்தலை நோக்கிய படத்தையும் ஒப்பிடுதல் பொருந்துமோ எனச் சிலர் வினவலாம். நீதிமன்றம் சான்றை ஆராயக் கடமைப்பட்டது. வாக்காளருக்கு அக்கடமையை விதிப்பார் எவருமிலர். ஆதலின் அரசியற் படத்தின் பணி அரியதே. தம்மவரை ஒன்றுதிரட்டி ஊக்குவிப்பதும் அரசியலில் ஒரு பயனே என்பதையும் மறுத்தற்கில்லை. அந்த அளவில் மூரின் படம் வீணன்று.

ஆயினும் திரட்டுதலை இணக்குவித்தலாகக் கருதுவதிலேதான் இடர் உண்டு. அரங்கிற் சிரித்தவர், எதிர்ப்பட்ட வாதத்தை வென்றுவிட்டதாக எண்ணி வீடு திரும்புகின்றார். அவ்வாதமோ வெளியே சற்றும் தளராது நிற்கின்றது. சனநாயகத்திற் கேளாரும் ஒரு வாக்குடையார். அவரை நோக்கிப் பேச மறந்த படம் எத்துணை இன்பம் பயப்பினும், சொல்வன்மையின் பாதியையே கற்றதாகும்.